கோலாலம்பூர் – சென்னை: 2,630 கிலோமீட்டருக்கு ஏன் நான்கு மணி நேரம்?

கேட்டவர் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி. ஆடி மாதம் குலதெய்வப் பூசைக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் பக்கம் போகிறார். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் 2,630 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 840 கிலோமீட்டர் பறக்கும், அப்படியானால் மூன்று மணி நேரத்தில் போய்விட வேண்டுமே என்பது அவர் கணக்கு. அவர் பார்த்து வைத்திருக்கும் பயணத்தில் போகும்போது காலை 9.00 புறப்பாடு, 10.20 சேர்வு. திரும்பும்போது பகல் 11.20 புறப்பாடு, மாலை 5.50 சேர்வு. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு ஒரு பக்கம், ஆறரை மணி நேரம் மறுபக்கம். இதில் எது உண்மை, சென்னையில் இறங்குவதா திருச்சியில் இறங்குவதா, பினாங்கில் இருக்கும் அக்கா கோலாலம்பூர் வந்து சேர்ந்துகொள்வதா, அங்கிருந்தே நேராகப் போவதா என்று கேட்கிறார்.

தம்பி, விமானப் பறப்புத் திட்டம் போடும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உங்கள் கேள்விகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. தூரத்திலிருந்து தொடங்குகிறேன்.

2,630 என்பது சரியான எண்தான். சிப்பாங்கில் உள்ள கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்குப் பூமியின் வளைந்த மேற்பரப்பின் மீது இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. கடல் மைலில் சொன்னால் சுமார் 1,420. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகளும் பறப்புத் திட்டம் போடுபவர்களும் கடல் மைலில்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஓர் இணையதளத்தில் 2,625, இன்னொன்றில் 2,632 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் ஒரு விடை, துருவங்களில் சற்றுத் தட்டையான உருவமாக வைத்தால் வேறு விடை. நம் பயணத்துக்கு இந்தச் சில கிலோமீட்டர்கள் பொருட்டே அல்ல.

பழைய அட்டவணைகளில் இதைவிடக் குறைவான தூரம் இருந்தால் அதற்கும் காரணம் உண்டு. 1998 ஜூனில் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்படும் வரை நாம் பழைய விமான நிலையமான சுபாங்கிலிருந்து பறந்தோம். சுபாங் சென்னைக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நெருக்கம்.

லண்டன் போகும் விமானத்தின் பாதை வரைபடத்தில் வில்லாக வளைந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சென்னைப் பாதையில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே பறப்பதால், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கும் நேர்கோடும் உண்மையான குறுகிய கோடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கோட்டைத் தொடர்ந்து போனால் மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்ராவின் வட முனையில் ஆச்சே கரையை உரசி, பெரிய நிக்கோபார் தீவுக்குச் சற்றுத் தெற்கே சென்று, பிறகு வங்கக் கடல். சென்னை வரும் வரை நிலம் கிடையாது. நம் தாத்தா, பாட்டிமார் வந்த கடலும் இதுதான். 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம் பயணிகளைப் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் கொண்டுவர நாள்கணக்கில் இந்தக் கடலில் மிதந்தது.

ஆனால் விமானம் அந்தக் கோட்டின் மீதே பறப்பதில்லை. கிளம்பும் விமானங்களும் வரும் விமானங்களும் மோதாமல் பிரிக்க ஒவ்வொரு விமான நிலையமும் தனித்தனி வழி வைத்திருக்கிறது. கடலுக்கு மேலே, ஐந்தெழுத்துப் பெயர் கொண்ட புள்ளிகளை இணைக்கும் வான்வழிகள் உண்டு. போதாததற்கு வங்கக் கடலின் நடுப்பகுதிக்குக் கரையிலுள்ள ரேடார் எட்டாது. அங்கே விமானம் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லிக்கொண்டே போகும். அதனால் ஒரே உயரத்தில், ஒரே வழியில் முன்னும் பின்னும் போகும் விமானங்களுக்கு நடுவே 50 கடல் மைல் வரை, அதாவது 90 கிலோமீட்டருக்கு மேல், இடைவெளி விடுவார்கள். இரவில் நம் பக்கத்திலிருந்து மத்தியக் கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்களும் இதே கடலைக் கடக்கின்றன. விரும்பிய உயரம் கிடைக்காமல் போவது சாதாரணம். மழைக்கால இடிமேகம் குறுக்கே நின்றால் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆக 2,630 என்பது நடைமுறையில் 2,700-ஐத் தொட்டாலும் வியப்பில்லை.

இனி நேரம். 840 கிலோமீட்டர் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ரக விமானங்கள் உச்ச உயரத்தில் பறக்கும் வேகம். 2,630-ஐ அதால் வகுத்தால் மூன்று மணி எட்டு நிமிடம். ஓடுபாதையிலிருந்து எழுந்து அந்த உயரத்தை எட்ட இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், இறங்குவதற்கும் அதே அளவு. அந்த நேரத்தில் வேகம் குறைவு. 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 460 கிலோமீட்டரை ஒட்டியே பறக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பொதுவாக உண்டு. வழி வளைவுகளையும் சேர்த்தால் வானில் இருக்கும் நேரம் மூன்றரை மணியை நெருங்கிவிடும்.

டிக்கெட்டில் அச்சிடும் நேரமோ வானில் இருக்கும் நேரம் அல்ல. வாயிலை விட்டு விமானம் பின்னுக்குத் தள்ளப்படும் நொடியில் தொடங்கி, சேர்ந்த இடத்தில் வாயிலில் நின்று பிரேக் போடும் நொடியில் முடிகிறது அந்தக் கணக்கு. இதைத்தான் எங்கள் தொழிலில் பிளாக் டைம் என்போம். கே.எல்.ஐ.ஏ. பரந்த நிலையம். மூன்று ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டரை ஒட்டிய நீளம். எந்த முனையத்திலிருந்து எந்த ஓடுபாதைக்கு என்பதைப் பொறுத்துத் தரையில் ஊர்வதற்கே பத்து, பதினைந்து நிமிடம் போகும். முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் இன்னும் கூடும். இத்தனையும் சேர்த்துத்தான் மூன்று மணி ஐம்பது நிமிடம், நான்கு மணி என்று போடுகிறார்கள். இதில் ஒளித்து வைத்த ஏமாற்று எதுவும் இல்லை. நேரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டுத் தினமும் தாமதமாக வரும் நிறுவனத்தைவிட, உள்ளபடி போடும் நிறுவனம் மேல்.

தூரத்தையும் நேரத்தையும் சேர்த்துக் காட்டும் தளங்களில் சில, மணிக்கு 500 மைல் வேகம், அதோடு அரை மணி நேரம் என்ற ஒரே சூத்திரத்தை எல்லாப் பாதைக்கும் போட்டுவிடுகின்றன. கோலாலம்பூர்–சென்னைக்கு அது மூன்றே முக்கால் மணி நேரம் காட்டும். கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் போகவும் வரவும் ஒரே விடையைக் காட்டும். அங்கேதான் பிழை, ஏனென்றால் காற்று அதன் கணக்கில் இல்லை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கிழக்கு நோக்கிப் போகும் விமானம் எப்போதும் வேகமாகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். ஜப்பானிலிருந்து அமெரிக்கா போகும் பாதையில் அது உண்மை. அங்கே மேற்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. நம்முடைய அட்சரேகையில், அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, நிலைமை தலைகீழ். தென்னிந்தியாவுக்கும் வங்கக் கடலுக்கும் மேலே கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. இதை 1950-களில் அடையாளம் கண்டு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். திபெத்தியப் பீடபூமி கோடையில் சூடேறுவதால் அதன் மேலுள்ள காற்று மண்டலம் விரிந்து, தெற்கே இந்தக் கிழக்குக் காற்றைக் கிளப்பிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையோடு வந்து அதோடு போகும் காற்று இது. அதன் மையம் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். நாம் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், ஆகவே அதன் அடிப்பகுதிதான் நம் விமானத்துக்குக் கிடைக்கும்.

அதுவே போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 840 என்பது தரையைப் பொறுத்து 900 ஆகிவிடும். 2,630 கிலோமீட்டரை இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடத்தில் கடக்கலாம். அதே காற்று எதிரே வந்தால் 780-தான், மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம் பிடிக்கும். ஒரே விமானம், ஒரே பாதை, ஏறத்தாழ அரை மணி வித்தியாசம். விமானி கையில் வாங்கும் திட்டத்தாளில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேராகக் காற்றின் பங்கு ஓர் எழுத்தும் மூன்று இலக்கமுமாக அச்சாகியிருக்கும். பி025 என்றால் 25 நாட், அதாவது மணிக்கு 25 கடல் மைல், காற்று துணைக்கு வருகிறது, எம்025 என்றால் அதே காற்று எதிர்க்கிறது. ஜூலையில் சென்னைக்குப் போகும் தாளில் மேலிருந்து கீழ் வரை பி வரிசையாக நிற்பதையும், அதே இரவு சென்னையிலிருந்து திரும்பும் தாளில் எம் நிற்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் போவது ஆடியில். போகும்போது காற்று உங்கள் பக்கம், வரும்போது எதிர்ப்பக்கம். திரும்பும் பயணம் பத்து நிமிடம் கூடுதலாகப் போட்டிருப்பதற்கு (அந்தக் கணக்கு கீழே வருகிறது) இது ஒரு காரணம்.

சென்னையில் இறங்கும் திசையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மேற்கிலிருந்து காற்று வீசும் தென்மேற்குப் பருவத்து நாட்களில், கடல் பக்கமிருந்து நேராக வந்து நகரத்தின் மேலாகத் தாழ்ந்து இறங்கிவிடலாம். கடற்காற்று அடிக்கும் பிற்பகலிலும் வடகிழக்குப் பருவத்திலும், விமான நிலையத்தைத் தாண்டி மேற்கே போய், திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்கும். பத்து நிமிடம் அதற்கே ஆகிவிடும். கடற்கரையைப் பார்த்த பிறகும் ஏன் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் டிக்கெட். விமான டிக்கெட்டில் எந்த ஊரின் பெயர் இருக்கிறதோ அந்த ஊரின் கடிகாரத்தில்தான் நேரம் இருக்கும். மலேசியா உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால், இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால். இடையே இரண்டரை மணி. காலை 9.00 மணிக்குக் கிளம்பி இந்திய நேரம் 10.20-க்கு இறங்குகிறீர்கள் என்றால் அப்போது செந்தூலில் பகல் 12.50. ஆக மூன்று மணி ஐம்பது நிமிடம். திரும்பும்போது சென்னையில் 11.20 என்பது நமக்குப் பிற்பகல் 1.50, இறங்குவது 5.50, சரியாக நான்கு மணி நேரம். போகும்போது டிக்கெட் வித்தியாசத்தோடு இரண்டரையைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். இதற்கு மேல் சூத்திரம் வேண்டாம்.

இந்த இரண்டரை மணி எப்போதும் இருந்ததல்ல என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1981 முடியும் வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 புத்தாண்டோடு அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் இந்தியாவோடு வித்தியாசம் இரண்டே மணி நேரம். சூரியனைக் கேட்டால் அதுவும் அதிகம். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் தீர்க்கரேகையில் இருபத்தொன்றரை டிகிரி இடைவெளி, டிகிரிக்கு நாலு நிமிடம் வீதம் 86 நிமிடம்தான் வருகிறது. மீதி அறுபத்து நாலு நிமிடம் அரசுகள் தீர்மானித்தது. கோலாலம்பூரில் ஏழு மணிக்கும் இருட்டாக இருப்பதும், சென்னையில் ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடுவதும் இதனால்தான். மாலையில் மேற்கே பறக்கும்போது நோன்பிருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இங்கே நோன்பு திறக்கும் நேரம் கையில் கட்டிய கடிகாரத்தில் வந்த பிறகும், விமானத்து ஜன்னலில் சூரியன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டிருக்கும்.

நேரத்தைவிடத் தேதிதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூர் வரும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. ஆகஸ்ட் 12, 00.20 என்று டிக்கெட்டில் இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 11-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு. 12-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பெட்டியோடு வந்து நின்ற குடும்பங்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் புது டிக்கெட் தேடுவது கொடுமை. நள்ளிரவு டிக்கெட் வாங்கினால் வீட்டுக் காலண்டரில் முந்தின நாளைச் சுற்றிக் குறித்துவிடுங்கள்.

சென்னையா திருச்சியா? வானத்தில் திருச்சிதான் தூரம். கோலாலம்பூரிலிருந்து சுமார் 2,690 கிலோமீட்டர், சென்னையைவிட 60 அதிகம். அந்த 60 கிலோமீட்டர் விமானத்துக்கு நாலரை நிமிடம். தரையிலோ கதை வேறு. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள், காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சென்னையிலிருந்து தஞ்சாவூர் 340 கிலோமீட்டரை ஒட்டி வரும், ரயிலோ காரோ ஆறு, ஏழு மணி நேரம். அம்மாவோடு போகிறீர்கள், தயங்காமல் திருச்சி டிக்கெட் போடுங்கள். நூறு, நூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்) கூட என்றாலும் கொடுக்கலாம், சென்னையில் இறங்கினால் அந்தப் பணம் கார் வாடகையிலும் சாப்பாட்டிலும் போகும், அம்மாவின் இடுப்பும் வலிக்கும். 2024-இல் திறந்த புதிய முனையம் வந்த பிறகு திருச்சியில் குடிநுழைவு வரிசையும் முன்புபோல் நெருக்கியடிப்பதில்லை.

இந்தக் கணக்கை மற்ற ஊர்க்காரர்களும் போட்டுப் பார்க்கலாம். புதுக்கோட்டை, காரைக்குடி என்றால் திருச்சி. கடையநல்லூர், தென்காசி பக்கம் போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் நல்லது. வானத்தில் 2,815 கிலோமீட்டர், சென்னையைவிடப் பதின்மூன்று நிமிடம் கூடுதல். ஆனால் இறங்கிய பிறகு திருச்சியிலிருந்து போகும் தூரத்தில் பாதிகூட வராது. நேரடி விமானம் உள்ள நாளாகப் பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா விஷயம். வரைபடம் மட்டும் பார்த்தால் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வருவது வீண் சுற்று. பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாசிலிருந்து சென்னை நேராக 2,365 கிலோமீட்டர்தான், கோலாலம்பூரிலிருந்து போவதைவிட 265 கிலோமீட்டர் குறைவு. கோலாலம்பூர் வழியாக என்றால் முதலில் தென்கிழக்கே 325 வந்து, பிறகு வடமேற்கே 2,630 போக வேண்டும், மொத்தம் 2,955. பினாங்கு–சென்னை நேரடிச் சேவை 2024 டிசம்பரில் தொடங்கியபோது வடக்கு மாநிலத் தமிழர்கள் அத்தனை மகிழ்ந்ததற்குக் காரணம் இதுதான். சுங்கை பட்டாணியிலும் பட்டர்வொர்த்திலும் இருப்பவர்கள் சென்னை போக இனி சிப்பாங் வரை இறங்கி வரத் தேவையில்லை. பயண நேரம் மூன்றரை முதல் மூன்றே முக்கால் மணி.

அவர் சென்னையில் வேலை உள்ளவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நேரடி விமானத்தைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் போக வேண்டியதும் தஞ்சாவூர். சென்னையில் இறங்கித் தனியாக ஆறு, ஏழு மணி நேரம் பயணம் செய்வதைவிட, கோலாலம்பூர் வந்து உங்களோடு திருச்சி விமானம் ஏறுவது அவருக்கு நல்லது. வானத்தில் 650 கிலோமீட்டர் கூடினாலும் தரையில் 280 கிலோமீட்டர் மிச்சம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பினாங்கு–கோலாலம்பூர், கோலாலம்பூர்–திருச்சி இரண்டையும் ஒரே பதிவில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, டிக்கெட் போனது போனதுதான். தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இரண்டு விமானமும் ஒரே முனையமா என்றும் பாருங்கள். அல்லது அவர் முந்தின நாளே ரயிலேறி வந்து உங்கள் வீட்டில் தங்கட்டும். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் நாலு மணி நேரம்தான்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால், செந்தூலிலிருந்து சிப்பாங் ஒரு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், பிளாக் டைம் நான்கு, குடிநுழைவும் பெட்டியும் ஒன்று, தஞ்சாவூருக்கு ஒன்றேகால். பத்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. அம்மாவுக்கு உணவும் மருந்தும் இந்தப் பத்து மணி நேரத்துக்குத்தான் திட்டமிட வேண்டும், டிக்கெட்டில் தெரியும் ஒன்றரை மணிக்கு அல்ல. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் என்றால், இறங்கியதும் கடிகாரத்தை மாற்றுங்கள், மருந்தை உடனே மாற்றாதீர்கள். இங்கே இரவு எட்டு மணிக்கு எடுப்பது இந்திய நேரத்தில் மாலை ஐந்தரை. அந்த நேரத்திலேயே தொடர்வதா, உணவோடு சேர்த்துத் தள்ளிப்போடுவதா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம்.